முதலில் எடுப்பவருக்கு ஆதாயமா?

சில சீட்டாட்டங்களில் சீட்டுகளை விரித்து வைத்து, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். நண்பர்கள் இருவர் இதற்குத் தாமே விதி வகுத்தால், முதலில் எடுப்பவர் ஆதாயம் அடையாமல் பார்க்க வேண்டும். 8 முதல் 1 வரை மதிப்புள்ள எட்டுச் சீட்டுகளில் எஞ்சியவற்றுள் பெரியதையே ஒவ்வொருவரும் மாறிமாறி எடுத்தால், முதல்வருக்கு 20, மற்றவருக்கு 16.

'அ, ஆ, ஆ, அ' என்ற வரிசையை இருமுறை பின்பற்றினால் இருவருக்கும் 18. சரியாகிவிட்டதா? பெரிய சீட்டின் வலிமை மிக அதிகம். அதை மதிப்பின் வர்க்கமாகக் கொள்வோம். இப்போது 106-க்கு 98! இரண்டாம் பாதியை மட்டும் 'ஆ, அ, அ, ஆ' என மாற்றுங்கள். வர்க்கங்கள் 102-க்கு 102. சாதாரணக் கூட்டலும் 18-க்கு 18. எண்களை இவ்வாறு சமமாகப் பிரிக்கும் வழியை 1851-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் புரூவே காட்டினார்.

ஓர் இனச் சீட்டுகள் சேரச் சேர மதிப்பு ஏறும் ஆட்டத்தில் இக்கணக்கு செல்லாது. அங்கே எதிராளிக்கு வேண்டியதை முந்திக்கொண்டு எடுப்பதே லாபமாகலாம்.