மண்டபத்துப் பெயருக்குள் ஒரு மனிதர்

"பி.ஜி.பி. மண்டபத்தில் கல்யாணம், குடும்பத்தோடு வந்துவிடுங்கள்." இப்படி ஓர் அழைப்பைக் கேட்காத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் குறைவு. ஜாலான் புசாரிலிருந்து கிச்சனர் சாலை வழியாக நடந்தால் சிராங்கூன் சாலையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வந்துவிடும். மண்டபம் அந்தக் கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. ஆனால், அந்த மூன்றெழுத்து யாருடையது என்று கேட்டால் இளையர் பலர் யோசிக்கிறார்கள்.

அவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. மாயவரத்துக்காரர். 1887ல் பிறந்தவர். வீட்டை விட்டுக் கிளம்பி 1905ல் சிங்கப்பூருக்கு வந்தபோது வயது 18. இன்று நம் பிள்ளைகள் தொடக்கக் கல்லூரியில் இருக்கும் வயது அது.

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நாளில் கடைச் சிப்பந்திக்கு வங்கிக் கடன் எட்டாக்கனி. ஆளின் நாணயத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். அப்படி ஒரு செட்டியாரிடம் கடன் வாங்கி, தாம் வேலை பார்த்த கடையையே வாங்கினார் கோவிந்தசாமி. மளிகையைத் தொடர்ந்து துணிக்கடை, மாவு மில் என்று தொழில் விரிந்தது. 'பி.ஜி.பி.' கடையில் சேலை எடுத்த கதையை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் இந்தியா சென்றார். போர் முடிந்தபோது அவருக்கு 58 வயது. ஊரோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், அவர் மறுபடியும் கப்பலேறினார். வியாபாரத்தை மீண்டும் தூக்கி நிறுத்தினார். 18 வயதில் வந்ததைவிட இதுதான் பெரிய துணிச்சல் என்பேன். இளமையில் இழக்க அதிகம் இருக்காது. 58ல் உடல் தளர்ந்திருக்கும், பொறுப்புகள் கூடியிருக்கும். வேலை போய்விட்டால் 40 வயதில் என்ன செய்வது என்று கலங்கும் நமக்கு இது சின்ன விஷயமில்லை.

சம்பாதித்ததைக் கோயில்களுக்கும் ராமகிருஷ்ண மிஷன் போன்ற அமைப்புகளுக்கும் அள்ளிக் கொடுத்தார். அவர் நன்கொடையில் எழுந்த திருமண மண்டபத்தை 1965ல் யூசோஃப் இஷாக் திறந்துவைத்தார். கோவிந்தசாமி பிள்ளை 1980ல் காலமானார்.

மண்டபம் கட்டியதால் அவர் பெயராவது நிலைத்தது. அதே சாலையில் உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் போன தாத்தாக்கள் எத்தனையோ பேர்! அவர்கள் கதை குடும்பத்தார் நினைவில் மட்டுமே இருக்கிறது.

குரலை நம்பிப் பிழைக்கும் வானொலிக்காரியாக ஒரு யோசனை சொல்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் உட்காருங்கள். கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, "தாத்தா, முதல் வேலை எங்கே? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார்.