நெறியாளர் எங்கே?

“படம் முடிஞ்சா? அந்தப் புள்ளைக்குச் சப்பாத்து கிடைச்சதக் காட்டவே இல்லியே, மகள்!”

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் எங்கள் வீட்டில் எழுந்த முதலாவது திரைப்பட விமர்சனம் இதுதான். விமர்சகர் எனது உம்மம்மா. படம், ஈரானிய நெறியாளர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’. உம்மம்மாவுக்குப் பாரசீகமும் தெரியாது, திரையின் அடியில் ஓடிய ஆங்கிலமும் தெரியாது. நான் இடையிடையே சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருந்து பார்த்தார். முடிவில்தான் கோபம் வந்தது.

நான் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தது ஆசையினால் அல்ல. உயர்தரத்தில் நான் கற்கும் பாடங்களுள் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒன்று. ஏதேனும் ஒரு படத்தைப் பார்த்து விமர்சனம் எழுதி வருமாறு ஆசிரியை கூறியிருந்தார். இரண்டு பக்கம் எழுதினேன். கதை உருக்கமானது, சிறுவர்களின் நடிப்பு இயல்பானது, இசை மென்மையானது, முடிவு மட்டும் தெளிவில்லை. (கடைசிக் குறை உம்மம்மாவிடம் இரவல் வாங்கியது.) கொப்பி திரும்பி வந்தபோது அடியில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: “நெறியாளர் எங்கே?”

எனக்கு விளங்கவில்லை. அவருடைய பெயரைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருந்தேனே! ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு படத்தில் கதையாசிரியர் இருக்கிறார், நடிகர்கள் இருக்கிறார்கள், கமராக்காரர் இருக்கிறார், இசையமைப்பாளர் இருக்கிறார். இவர்கள் எல்லோரும் தத்தம் வேலையைச் செய்துவிட்டால் நெறியாளருக்கு மிஞ்சுவது என்ன? இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதன் கதை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெஹ்ரான் நகரின் ஏழைக் குடும்பமொன்றில் அலி, ஸஹ்ரா என்று இரு பிள்ளைகள். தங்கையின் சப்பாத்தைத் தைத்துக்கொண்டு வரும் வழியில் அலி அதைத் தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் சொன்னால் அவரால் புதியது வாங்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். எனவே ஒரே சோடிச் சப்பாத்தை, அதாவது அலியுடையதை, காலையில் அவளும் பிற்பகலில் அவனும் மாற்றி மாற்றி அணிந்து பாடசாலை செல்கிறார்கள். பிறகு ஓர் ஓட்டப் போட்டி வருகிறது. மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. அலி மூன்றாவதாக வரவே ஓடுகிறான். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான்.

இனி உம்மம்மா கோபித்த இடம். வாப்பாவின் சைக்கிள் ஒருமுறை காட்டப்படுகிறது. அதில் இரண்டு சோடிப் புதிய சப்பாத்துகள். சில கணங்கள்தான். பிறகு அலி வீட்டு முற்றத்துக்கு வருகிறான். தங்கை அவன் முகத்தைப் பார்த்து விடயத்தைப் புரிந்துகொண்டு உள்ளே போய்விடுகிறாள். அலி கிழிந்துபோன சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொப்புளம் கண்ட கால்களைத் தொட்டித் தண்ணீரில் வைக்கிறான். தங்க மீன்கள் வந்து கால்களைச் சுற்றுகின்றன. படம் முடிகிறது.

சப்பாத்து வந்துகொண்டிருப்பது எங்களுக்குத் தெரியும், அலிக்குத் தெரியாது. கதையின்படி இன்னும் ஐந்து நிமிடத்தில் வாப்பா வந்து சேர்ந்துவிடுவார். அந்த ஐந்து நிமிடத்தையும் எடுத்திருந்தால் உம்மம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார், மறுநாள் படத்தை மறந்தும் இருப்பார். எடுக்காததால் மூன்று நாட்களுக்குப் பிறகும் “அவன்ட வாப்பா வந்திருப்பாரு என்ன?” என்று கேட்டார். எங்கே நிறுத்துவது என்பது நடிகரின் தீர்மானமும் அல்ல, கமராக்காரரின் தீர்மானமும் அல்ல. இந்தப் படத்தின் திரைக்கதையையும் மஜீதியே எழுதினார் என்பது உண்மை. ஆனால் சைக்கிளை எத்தனை கணம் காட்டுவது, மீனை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்பதைத் தாளில் எழுதிவிட முடியாது. அங்கேதான் நெறியாளர் இருக்கிறார்.

இது பிடிபட்ட பின்னர் படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை நான் கவனிக்காமல் விட்ட காட்சி ஒன்று இருந்தது. பள்ளிவாசலுக்குரிய சீனிக் கட்டிகளை வாப்பா வீட்டில் இருந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். ஸஹ்ரா தேநீர் கொண்டு வருகிறாள். அவர் சீனி கேட்கிறார். முன்னால்தான் குவிந்து கிடக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுடையது, எங்களை நம்பித் தந்தது என்கிறார் அவர். அவ்வளவுதான். அழுகையும் இல்லை, உபதேசமும் இல்லை. உம்மம்மா மட்டும் மெதுவாக “அமானிதம்” என்றார்.

நான் முதலில் இதை ஒரு சிறிய வீட்டுக் காட்சி என்று எண்ணிக் கடந்துவிட்டேன். ஆனால் பின்னர் ஒரு நாள் தொலைந்த சப்பாத்தை வேறொரு சிறுமியின் கால்களில் ஸஹ்ரா காண்கிறாள். அண்ணனும் தங்கையுமாக அவளைப் பின்தொடர்ந்து அவள் வீடுவரை போகிறார்கள். அங்கே அவளுடைய வாப்பா பார்வையற்றவர் என்பதைக் காண்கிறார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று எவரும் எங்களுக்கு விளக்குவதில்லை. தேவையுமில்லை, இவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதை அந்தச் சீனி ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஒரு காட்சியை இன்னொரு காட்சிக்காக முன்கூட்டியே விதைத்து வைப்பதும் நெறியாளரின் வேலைதான்.

ஒரே கதையை வேறொருவர் கையில் கொடுத்தால் என்னவாகும்? எனது அதிர்ஷ்டம், இந்தக் கதைக்கு அதற்கும் விடை இருக்கிறது. 2003இல் சிங்கப்பூரின் ஜாக் நியோ இதை ‘ஹோம் ரன்’ என்று எடுத்தார். சப்பாத்தும் அண்ணன் தங்கையும் அப்படியே இருக்க, காலத்தை மட்டும் 1965க்குக் கொண்டுபோனார். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த வருடம் அது. சிறுவர்கள் இரு அணியாகப் பிரிந்து பேரம் பேசும்போது, இரு நாடுகளின் உறவைத்தான் அவர் கிண்டல் செய்கிறார் என்று பெரியவர்கள் புரிந்துகொண்டார்கள். 2010இல் பிரியதர்ஷன் ஹிந்தியில் ‘பம் பம் போலே’ என்று எடுத்தார். தேயிலைத் தோட்டம், பயங்கரவாதம், பாடல்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. 2022இல் சாமியின் நெறியாள்கையிலும் இளையராஜாவின் இசையிலும் தமிழில் ‘அக்கா குருவி’யாகவும் வந்தது.

இவற்றுள் ஹிந்திப் படம்தான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது, பிடிக்காமல் போனதால். பயங்கரவாதம் என்ற பெரிய விடயம் கதைக்குள் வந்தவுடன் சப்பாத்து சிறியதாகிவிட்டது. ஊரே எரியும்போது ஒரு சோடிச் சப்பாத்துக்காக நான் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்? மஜீதியின் படத்தில் வேறு பெரிய சம்பவம் எதுவும் இல்லை. அதனால்தான் சாக்கடை நீரில் ஒரு சப்பாத்து மிதந்து போகும்போது ஸஹ்ராவோடு சேர்ந்து எங்கள் வீடும் ஓடியது.

இதை வகுப்பில் சொன்னபோது தோழி ஒருத்தி மடக்கினாள். “ஏழை முஸ்லிம்களக் காட்டினாத்தானே வெள்ளக்காரன் விருது குடுக்கிறான்?” கேள்வி நியாயமானதுதான். ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ பிறமொழிப் படங்களுக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்ற முதலாவது ஈரானியப் படம். (1999இல் நடந்த விழாவில் விருது இத்தாலியரான ரொபேர்ட்டோ பெனினிக்குப் போனது.) வெளிநாட்டு விழாக்களை மனதில் வைத்தே படம் எடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஈரானுக்குள்ளேயே இருந்திருக்கிறது. குறிப்பாக அப்பாஸ் கியாரொஸ்தமி மீது. எங்களைப் பற்றிய படம் என்றால் கண்ணீரும் வறுமையும்தான் என்று உலகம் எதிர்பார்ப்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் தோழிக்கு நான் சொன்ன பதில் அந்தச் சீனிதான். மஜீதி அந்த மனிதரை ஏழையாகக் காட்டினார், பரிதாபத்துக்குரியவராகக் காட்டவில்லை. அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கியாரொஸ்தமியின் பெயர் வந்ததால் நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அவருடைய ‘நண்பனின் வீடு எங்கே’ 1987இல் வந்தது. வகுப்புத் தோழனின் கொப்பியைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட அஹ்மத் என்ற சிறுவன், அதைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். நாளை கொப்பி இல்லாவிட்டால் அந்தத் தோழன் பாடசாலையிலிருந்து விலக்கப்படுவான். பெரியவர்கள் ஒருவரும் இவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. கதை இவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் இதைத் திரையிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆர்வக் கோளாறில் முன்னுரை ஒன்று ஆற்றினேன். உலகப் புகழ் பெற்றவர், 1997இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றவர் என்றெல்லாம். படம் ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் மேசையில் தலை சாய்த்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் “அருமையான படம்” என்றார்கள்! அவர்கள் பாராட்டியது படத்தை அல்ல, என் முன்னுரையை.

அடுத்த வாரம் மாமியின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஏழு வயதும் ஒன்பது வயதும். ஒன்றும் சொல்லாமல் அதே படத்தைப் போட்டுவிட்டேன். அதில் ஒரு முதியவர் வருகிறார், கதவு செய்பவர். இரவில் அஹ்மதுக்கு வழி காட்டக் கூடவே நடக்கிறார், மிக மிக மெதுவாக. எங்கள் வகுப்பு உறங்கிய இடம் அது. சின்னவனோ எழுந்து நின்றுவிட்டான். “ராத்தா, அந்த அப்பாவ வெரசா நடக்கச் சொல்லுங்களே, நேரம் போகுது!” முதியவரை மெதுவாக நடக்கவிட்டதன் காரணத்தை எனக்குக் கற்றுத்தந்தவன் அவன்தான். கொப்பியின் மீது கவலை உள்ளவருக்கு அந்த மெதுவான நடை தாங்க முடியாதது. கவலை இல்லாதவருக்கு அது தூக்கம்.

நெறியாளரின் பெயருக்கு இருக்கும் பலத்தைப் பற்றிக் கியாரொஸ்தமியே ஒரு படம் எடுத்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 1990இல் வந்த ‘குளோஸ் அப்’. சப்ஸியான் என்ற ஏழை மனிதர் தன்னைப் புகழ்பெற்ற நெறியாளர் மக்மல்பாஃப் என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து பிடிபடுகிறார். இது உண்மைச் சம்பவம். அந்த மனிதரையும் அந்தக் குடும்பத்தையும் வைத்தே, வழக்கு விசாரணைக்குள்ளும் கமராவைக் கொண்டுபோய் எடுத்தார். வெளிவந்தபோது ஈரானில் அதற்கு நல்ல வரவேற்பு இல்லை. 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை உலகெங்கும் விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது, எல்லாக் காலத்துக்கும் சிறந்த படங்களின் வரிசையில் 17ஆம் இடத்தில் நின்றது. படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை, பார்க்கும் கண்கள்தான் மாறியிருந்தன.

விமர்சகர்களும் எங்கள் வகுப்பைப் போன்றவர்கள்தானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அதைத் தீர்த்தவர் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட். நான்கு நட்சத்திரங்களே அவரது உச்ச மதிப்பெண். ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ படத்துக்கு நான்கையும் கொடுத்தார். அதே 1997இல் கானில் தங்கப் பனையைப் பங்கிட்டுக்கொண்ட கியாரொஸ்தமியின் ‘செர்ரியின் சுவை’க்கு அவர் கொடுத்தது ஒன்றே ஒன்று! தன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணிய ஒருவர், தன்னைப் புதைப்பதற்கு ஆள் தேடி வாகனத்தில் அலையும் கதை அது. படத்தின் கடைசியில் நெறியாளரும் அவரது குழுவினரும் கமராவோடு திரையில் தோன்றி, இது வெறும் படம்தான் என்று காட்டிவிடுகிறார்கள். உலகமே கொண்டாடிய பெயருக்கு முன்னால் எனக்குச் சலிப்பாக இருந்தது என்று ஈபர்ட் எழுதினார். பலர் அவரோடு உடன்படவில்லை. நானும் முழுதாக உடன்படவில்லை. ஆனால் என் வகுப்புத் தோழிகளுள் ஒருத்தியாவது அன்று “நித்திரை வந்தது” என்று சொல்லியிருந்தால், அந்த முதியவரின் நடையைப் பற்றி நாங்கள் அன்றே பேசியிருப்போம். முன்னுரை சொல்லி அந்த வாயை அடைத்தவள் நான்தான்.

விமர்சனத்தை மறுபடியும் எழுதினேன். இம்முறை விருதுகள் எதையும் குறிப்பிடவில்லை. சைக்கிள், மீன், சீனி, இந்த மூன்றை மட்டுமே எழுதினேன். முடிவு தெளிவில்லை என்ற வரியை வெட்டிவிட்டு, உம்மம்மா மூன்றாம் நாள் கேட்ட கேள்வியை அப்படியே எழுதினேன். கொப்பி நேற்றுத் திரும்பி வந்தது. சிவப்பு மையில் இம்முறை ஒரு முழு வசனம்: “சீனி உடைக்கும் காட்சியில் கமரா யாருடைய கண் மட்டத்தில் இருந்தது?”

உம்மம்மாவிடம் சொன்னேன். “அப்ப இன்னொருக்காப் போடுங்க மகள், பார்ப்பம்” என்றார். இஷாத் தொழுகைக்குப் பிறகு பார்ப்பதாக இருக்கிறோம்.