நொச்சி சூடிய வீரர்

மதிலை முற்றுவோன் சூடும் பூ உழிஞை. அம்மதிலின் உள்ளே நின்று காப்போன் சூடும் பூ நொச்சி. புறத்திணைகளை ஏழாக வகுத்த தொல்காப்பியர் அரண்காவலை உழிஞையினுள்ளேயே அடக்கினார். பின்வந்த ஐயனாரிதனாரோ தமது புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியைத் தனித் திணையாக்கினார். காப்போனுக்கும் ஒரு பூ வேண்டும், ஒரு பெயர் வேண்டும் என்னும் நீதி அவ்வகுப்பினுள் அமைந்திருத்தல் காண்க.

திருகோணமலையில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. கோணேசரை வழிபடச் செல்வோர் பிரெடரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்கின்றனர். 1782 ஆம் ஆண்டு ஜனவரியில் இத்துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது; அவ்வாண்டு முடியுமுன்னரே பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. வென்ற கடற்தளபதி சுஃப்ரனின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. மதிலிலே நின்றவர்களின் பெயரை அறிவார் யார்?

ஹொக்கி ஆட்டத்தின் நொச்சி மறவன் கோல் காப்பாளனே. பன்னிரண்டடி அகலமும் ஏழடி உயரமுமான வாயில் அவனுடைய அரண். கல்லையொத்த பந்து அவனுடைய பகை. முன்னின்று ஆடுவோன் பிழைத்தால் திருத்துதற்குப் பின்னே ஒருவன் உளன். காப்பாளன் பிழைத்தாற் பின்னிருப்பது வலை ஒன்றே.

இத்தொழிலில் நம் காலத்தே தலைநின்றவர் கேரளத்தைச் சேர்ந்த சிறீஜேஷ். 1988 இல் எறணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் உழவர் குடியிற் பிறந்தவர், திருவனந்தபுரம் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியிற் பயின்றவர். கொல்லம் சிறீ நாராயணா கல்லூரியில் வரலாறு கற்றுப் பட்டம் பெற்றவர். ஓட்டம், நீளம் பாய்தல், கரப்பந்து என்பவற்றையெல்லாம் முயன்ற பின்னரே அவர் காப்பாளராயினார். அதற்குரிய கால்கவசமும் கையுறையும் விலையுயர்ந்தவை. அவற்றை வாங்குதற்காக அவர் தந்தையார் வீட்டிலிருந்த பசுவை விற்றார் என்ப.

2006 இல் நம் கொழும்பு நகரில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவிலேதான் அவர் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடினார். எனினும் மூத்தோர் இருவர் நிழலிற் சில ஆண்டுகள் காத்திருந்த பின்னரே நிலையான இடம் கிடைத்தது. 2014 இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்திற் பாகிஸ்தானின் இரண்டு எறிகளைத் தடுத்துத் தங்கம் தேடித் தந்தார். 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் அணித்தலைவராயினார். 2017 இல் முழங்காலிற் காயமுற்றுப் பல மாதங்கள் ஆட்டத்தை நீங்கியிருந்தார்.

2021 ஓகஸ்ட் 5 ஆம் நாள், டோக்கியோவில் ஜேர்மனிக்கெதிரான வெண்கலப் பதக்க ஆட்டம். இந்தியா 5, ஜேர்மனி 4. ஆட்டம் முடியச் சில நொடிகளே எஞ்சியிருக்கையில் ஜேர்மனியருக்குத் தண்டனை மூலை வாய்த்தது. சிறீஜேஷ் தடுத்தார். நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் இந்திய ஹொக்கி ஒலிம்பிக் பதக்கம் கண்டது. அவரோ தாம் காத்த கோல் கம்பத்தின் மேலேறி அமர்ந்தார். காவலன் தன் மதில்மேல் வீற்றிருந்த காட்சி அது. 2024 இல் பரிஸ் நகரிலே, ஒருவரை இழந்து பத்துப் பேராய் நின்ற அணியைப் பிரித்தானியாவிடமிருந்து காத்து, மீண்டும் வெண்கலம் பெற்று ஓய்வு கொண்டார். அவர் அணிந்த 16 ஆம் இலக்கச் சட்டையையும் உடன் ஓய்வுறச் செய்தனர். மறு ஆண்டு பத்மபூஷண் விருது வந்தது.

ஈண்டு மற்றொருவரையும் நினைத்தல் கடன். கண்ணூரைச் சேர்ந்த மானுவல் பிரெடரிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் காப்பாளர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதற் கேரளத்தவர். அவருக்குத் தியான்சந்த் விருது கிடைத்தது 2019 இல். அதாவது நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து. ஒரே மாநிலம், ஒரே தொழில், ஒரே பதக்கம். ஒருவர்க்குப் புகழ் உடன் வந்தது, ஒருவர்க்கு முதுமையில் வந்தது.

நம் பாடசாலை மைதானங்களை நோக்குவோம். ஓட மாட்டாதவனையும் கெஞ்சிக் கேட்டவனையுமே கோலில் நிறுத்துகிறோம். கோல் போட்டவன் பெயரைப் பரிசளிப்பு விழாவில் வாசிக்கிறோம். தடுத்தவன் பெயர் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. புகாத பந்துக்கு எண் இல்லை என்பது உண்மையே. ஆயினும் கண்ட ஆசிரியருக்கு நினைவு உண்டு அன்றோ? அடுத்த விழாவிலே அம்மாணவன் பெயரையும் எழுந்து வாசிப்போமாக. அதுவே அவன் சூடும் நொச்சி.