கோழியோடு குஸ்தி எதற்கு?

"கோழியை வெட்டித் தரட்டுமா, முழுசாகவே வேணுமாம்மா?" என்று கடைக்காரர் கேட்கிறார். நம்மில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில், "வெட்டியே கொடுத்துடுப்பா!" என்பதுதான்.

அவர் கட்டையில் வைத்து நாலு போடு போடுகிறார். இரண்டே நிமிஷத்தில் கறி பைக்குள் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் கொட்டிப் பார்த்தால், எது தொடை, எது நெஞ்சு என்று அந்தக் கோழிக்கே தெரியாது! போதாக்குறைக்கு, எலும்பின் நடுவில் போட்ட வெட்டினால் ஊசி ஊசியாகச் சில்லுகள் வேறு. சாப்பிடும் குழந்தை "ஆ" என்றால் நம் உயிர் நம்மிடம் இல்லை.

இதற்கு ஒரே மருந்து, கோழியை முழுசாக வாங்கி வந்து நீங்களே வெட்டுவது. "ஐயையோ, நானா!" என்று பின்வாங்காதீர்கள். பழகிவிட்டால் கால் மணி நேரம்கூட ஆகாது. சைவக் குடும்பத்துச் சகோதரிகள் மட்டும் மன்னித்து, பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாம். மற்றவர்கள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாருங்கள்.

மூட்டுதான் ரகசியம்

எலும்பை வெட்டத்தான் பலம் வேண்டும். மூட்டைப் பிரிக்கப் பலம் தேவையில்லை, பொறுமை போதும். எங்கே வெட்ட வேண்டும் என்பதைக் கோழியின் உடம்பே காட்டிக் கொடுக்கும். அங்கத்தை மடக்கிப் பாருங்கள். அசைகிற இடம்தான் மூட்டு. கத்தி எலும்பில் முட்டினால் அழுத்தாதீர்கள். அரை விரற்கடை தள்ளி வையுங்கள்; தானாக இறங்கும்.

முதல் தடவைக்கு ஒன்றேகால் கிலோ எடையுள்ள, உரித்துச் சுத்தம் செய்த பிராய்லர் கோழி சௌகரியம். ஏறத்தாழ ஆறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும் பறவை அது, எலும்பு இளசு. நாட்டுக் கோழி பல மாதம் ஓடியாடி வளர்ந்தது. மூட்டு இறுகியிருக்கும். கை பழகின பிறகு அதைத் தொடலாம்.

அரிவாள்மணை பழகியவர்களுக்கு அதுவே உத்தமம். இரண்டு கையாலும் கோழியைப் பிடித்துக்கொள்ளலாம். கத்தியானால் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். மழுங்கல் கத்திதான் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். பலகைக்கு அடியில் ஈரத் துணி ஒன்றை மடித்துப் போடுங்கள், நகராது.

குழாயடியில் குளிப்பாட்டாதீர்கள்

இது மாமியார்கள் கோபித்துக்கொள்ளும் விஷயம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பச்சைக் கோழியைக் குழாய்த் தண்ணீரில் அலசும்போது, அதிலுள்ள சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் நீர்த்திவலையோடு தெறித்து, பக்கத்திலுள்ள பாத்திரம், காய்கறி எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்கின்றன. வயிற்றுப்போக்கும் ஜுரமும் வருவது இப்படித்தான். 2014-இல் பிரிட்டனின் உணவுத் தரக் கண்காணிப்பு நிறுவனம், "கோழியைக் கழுவாதீர்கள்" என்று இதற்காகவே ஓர் இயக்கம் நடத்தியது. கிருமியைக் கொல்வது தண்ணீர் அல்ல, அடுப்பு!

ரத்தக் கட்டு, ஒட்டிய இறகு இவற்றைக் கையால் எடுத்துவிட்டு, காகிதத்தால் ஒற்றி எடுங்கள். கழுவாமல் மனசு கேட்காது என்பவர்கள், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெறிக்காமல் மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டியையும் மேடையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மஞ்சள் தடவுவது உங்கள் இஷ்டம்.

வெட்டுமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். கழுத்தடியில் தீனி தங்கும் பை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். வால் நுனியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை நறுக்கி எறியுங்கள், வாடை அதில்தான். ஈரலோடு பச்சை நிறப் பித்தப்பை இருந்தால், அதைத் தொடாமல் சிறிது ஈரலோடு சேர்த்தே வெட்டி நீக்குங்கள். அது உடைந்தால் கறி கசந்துபோகும்.

இனி வெட்டலாம்

கோழியை நெஞ்சு மேலே பார்க்கும்படி மல்லாத்துங்கள். ஒரு காலை உடம்பைவிட்டு விலக்கி, இடுக்கில் இருக்கும் சதையைக் கீறுங்கள். காலை வெளிப்பக்கமாக மடக்கினால், 'டொக்' என்று குமிழ் போன்ற எலும்பு வெளியே வரும். அந்தச் சந்தில் கத்தியை விட்டால் கால் தனியே வந்துவிடும். மற்றதும் அப்படியே.

தொடையும் கீழ்க்காலும் சேரும் இடத்தில் மெல்லிய கொழுப்புக் கோடு தெரியும். அதன்மேல் கத்தியை வையுங்கள், இரண்டாகும். இறக்கையை இழுத்துத் தோள்மூட்டைத் தடவிப் பார்த்து அங்கே வெட்டுங்கள்.

மிஞ்சுவது நெஞ்சும் முதுகும். விலா ஓரமாக இரு பக்கமும் வெட்டிக்கொண்டே போய், புத்தகத்தைத் திறப்பது போலப் பிரியுங்கள். நெஞ்சின் நடு எலும்பின்மேல் கத்தியை வைத்து, உள்ளங்கையால் அழுத்தினால் இரண்டாகும். ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினால் நாலு.

முதுகெலும்பு, கழுத்து, இறக்கை நுனி இவற்றை எறியாதீர்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால், சளி பிடித்த குழந்தைக்கு ரசம் தயார்.

ஓடியாடும் காலில் சதை சிவப்பு. அதிகம் பறக்காத பறவையின் நெஞ்சில் சதை வெளுப்பு. வெளுத்த சதை சீக்கிரம் வெந்துவிடும். மேலும் கொதித்தால் சக்கை. ஆகவே கால், தொடைகளை முதலில் போடுங்கள். நெஞ்சைச் சற்றுப் பொறுத்துச் சேருங்கள். தடித்த துண்டின் நடுவிலும் சூடு 74 டிகிரி சென்டிகிரேடு ஏற வேண்டும். கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்பால் கழுவாமல் வெங்காயத்தைத் தொடாதீர்கள்.

கணக்கு உங்கள் கையில்

இப்போது எண்ணிப் பாருங்கள். கீழ்க்கால் 2, தொடை 2, இறக்கை 2, நெஞ்சு 4. ஆக மொத்தம் 10. இதுதான் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம்.

நம் வீடுகளில் கால் அவருக்கு, தொடை பிள்ளைகளுக்கு, விருந்தாளி வந்தால் நெஞ்சு அவருக்கு. கடைசியில் உட்காரும் அம்மாவுக்குக் கழுத்தும் குழம்பும்! கடையில் நறுக்கிய துண்டுகளில் இந்த அநியாயம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து ஈரலில் ஏராளம். நெஞ்சைவிடத் தொடையில் அதிகம். (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.)

ஆகவே சகோதரிகளே, குழம்பு கொதிக்கும்போதே பங்கைத் தீர்மானித்துவிடுங்கள். பத்துத் துண்டில் ஒரு தொடை உங்களுடையது. முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். "இது யாருக்கு?" என்று கேட்டால், "வெட்டினவளுக்கு!" என்று சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். கத்தி இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது!