தொடாமலே அடிக்கும் மணி

அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் ஓர் அழைப்பு மணி செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஏடிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்திச் சில்லு இருக்கிறது. பொத்தானின் ஒரு முனையை 5 வோல்ட்டுடனும், மறுமுனையைச் சில்லின் உள்ளீட்டு முனையுடனும் இணைக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கிறது. ஆனால் யாரும் தொடாதபோதும் அடிக்கிறதே! கம்பியருகே கையைக் கொண்டுசென்றாலும் அடிக்கிறதே! சில்லு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். குறை இணைப்பில்தான் இருக்கிறது.

5 வோல்ட்டில் இயங்கும்போது, உள்ளீட்டில் 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இச்சில்லு அதை 0 எனக் கொள்ளும். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1 எனக் கொள்ளும். பொத்தானை விட்டவுடன் உள்ளீட்டு முனை 0 வோல்ட்டுக்கு வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது எதனுடனும் இணைக்கப்படாமல் நிற்கிறது. 0 வோல்ட் என்பது வேறு; இணைப்பே இல்லாமை என்பது வேறு. அம்முனை இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. ஆகவே சுவரிலுள்ள மின்கம்பிகளின் மாறுதிசை மின்புலமும் உங்கள் கையுமே அதன் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கப் போதுமானவை. இதையே மிதக்கும் முனை என்பர்.

காற்றில் ஆடும் கதவுக்கு நாம் ஒரு வில்சுருள் பொருத்துகிறோம் அல்லவா? இங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு மின்தடை. 5 வோல்ட்டுக்கும் உள்ளீட்டு முனைக்கும் இடையே 10,000 ஓம் தடையை இணையுங்கள். பொத்தானை உள்ளீட்டு முனைக்கும் 0 வோல்ட்டுக்கும் இடையே மாற்றிவிடுங்கள். பொத்தானை அழுத்தாதபோது தடையின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை; எனவே ஓமின் விதிப்படி அதில் மின்னழுத்த வீழ்ச்சியும் இல்லை. முனையில் 5 வோல்ட், அதாவது 1. அழுத்தினால் முனை நேராக 0 வோல்ட்டை அடைகிறது. அப்போது தடையில் பாய்வது 5 ÷ 10,000, அதாவது 0.5 மில்லி ஆம்பியர் மட்டுமே. தடைக்குப் பதிலாக வெறும் கம்பியை இணைத்தால் என்ன ஆகும்? பொத்தானை அழுத்தியதும் குறுக்குச் சுற்று ஏற்படும்!

அழுத்தினால் 0, விட்டால் 1 என்பதை நிரல் எழுதும்போது மறவாதீர்கள். இச்சில்லின் உள்ளேயே 20,000 முதல் 50,000 ஓம் வரையிலான தடை ஒன்று உண்டு. நிரலில் கட்டளையிட்டு அதை இணைத்துக்கொண்டால் வெளியே தடை தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொத்தானின் உலோகத் தொடுமுனைகள் மோதியதும் சில மில்லி நொடிகள் துள்ளுகின்றன. ஊனோ பலகையில் சில்லு நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளில் இயங்குவதால் ஒவ்வொரு துள்ளலையும் அது கண்டுகொள்ளும். மணிக்கு இதனால் பெரிய கேடில்லை. பார்வையாளர்களை எண்ணும் கருவியானால் ஒருவரே மூவராகிவிடுவார்! முதல் மாற்றத்தைக் கண்டபின் 20 மில்லி நொடி பொறுத்து, மீண்டும் பார்த்து உறுதிசெய்யுமாறு நிரலை எழுதுங்கள்.

செய்து பாருங்கள். ஆனால் 5 வோல்ட் மின்வழங்கியை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டின் 230 வோல்ட் சுவிட்சைச் சில்லுடன் ஒருபோதும் இணைக்காதீர்கள்; சில்லுக்கு மட்டுமன்று, உங்கள் உயிருக்கும் அது ஆபத்து.