ஸ்வீட் கார்ன் கதிரை என்றைக்கு ஒடிப்பது?

கொல்லையிலோ மாடியில் பைகளிலோ ஸ்வீட் கார்ன் போட்டவர்களுக்குக் கடைசியில் வருகிற சந்தேகம் ஒன்றுதான். தக்காளி சிவந்து சொல்லும், வாழை மஞ்சளாகிச் சொல்லும். இந்தக் கதிரோ தோலுக்கு மேல் தோலாக மூடிக்கொண்டு, பிஞ்சிலும் பச்சை, பதத்திலும் பச்சை, பதம் தப்பிய முதல் சில நாட்களிலும் பச்சை என்று நிற்கிறது. உரித்துப் பார்த்துப் பிஞ்சு என்று தெரிந்தால் ஒட்டவா முடியும்?

மக்காச்சோளம் பழகிய கைகளுக்குத்தான் இதில் தடுமாற்றம் அதிகம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுகிறவர்கள், தோல் காய்ந்து வெளுத்து மணி இறுகிய பிறகுதான் கதிர் ஒடிப்பார்கள். அங்கே முற்றினால்தான் காசு. ஸ்வீட் கார்னும் அதே இனத்துச் செடிதான், ஆனால் நாம் சாப்பிடுவது முற்றாத மணியை. செடி தன் விதையை முற்றவைக்கும் வேலையில் பாதி தூரம் போயிருக்கும்போது நாம் குறுக்கே புகுந்து கதிரை எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பாதி தூரம் எது என்று கண்டுபிடிப்பதுதான் விஷயம். (மெரினாவில் கரியடுப்பில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துத் தருகிற கதிர் பெரும்பாலும் சாதாரண மக்காச்சோளம். அதன் ருசியை வைத்து ஸ்வீட் கார்னின் பதத்தை அளக்கக் கூடாது.)

விதைப் பாக்கெட்டில் 70 நாள், 75 நாள், 80 நாள் என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். அது உத்தேசக் கணக்கு. இந்தச் செடியின் வளர்ச்சி வெயிலின் சூட்டோடு கட்டுப்பட்டது. சித்திரையில் சென்னையில் வேகமாக ஓடும் பயிர், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நிதானமாகத்தான் வரும். ஆகவே விதைத்த நாளிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டு, பட்டிழை வெளியே வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். கதிரின் நுனியில் கொத்தாக முடிபோல் தொங்குகிறதே, அதைத்தான் பட்டிழை என்கிறேன். அது முதலில் தலைகாட்டியதிலிருந்து 18 முதல் 22 நாளுக்குள் கதிர் பதத்துக்கு வரும். கோடை வெயிலில் ஓரிரு நாள் முந்தலாம், குளிர்ந்த இடங்களில் சில நாள் பிந்தலாம். செடியில் ஒரு துணித்துண்டைக் கட்டி அதில் தேதியை எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் அன்றே தீர்ந்தது. பதினாறாம் நாளிலிருந்து தினம் ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்தால் போதும்.

பட்டிழை என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்ற அடையாளங்களெல்லாம் தாமாகவே புரியும். ஒவ்வொரு இழையும் உள்ளே ஒரு மணிக்கான சூலில் போய் முடிகிறது. செடியின் உச்சியில் விரியும் ஆண் பூவிலிருந்து உதிரும் மகரந்தம் இழையில் ஒட்டினால் அந்த இழைக்குரிய மணி உருவாகும். ஒட்டாவிட்டால் அந்த இடம் பொக்கை. கதிரின் அடிப்பக்கத்து இழைகள் முதலில் வெளிவரும், நுனிக்குரியவை சில நாள் கழித்துத்தான் வரும். அதனால் ஒரே கதிரில் அடிமணி மூத்தது, நுனிமணி இளையது. நுனியில் நாலைந்து மணி சிறுத்திருப்பதைக் கண்டு இன்னும் பிஞ்சு என்று காத்திருந்தால், நடுவில் இருக்கும் நல்ல மணிகள் முற்றிப்போகும். சோதனை எப்போதும் கதிரின் நடுப்பகுதியை வைத்துத்தான்.

மகரந்தம் ஒட்டிய இழையின் வேலை முடிந்தது, அது சூலிலிருந்து கழன்று வாடத் தொடங்கும். ஒட்டாத இழை வளர்ந்துகொண்டே போகும். இழைகள் வாடாமல் பச்சையாக நீண்டு தொங்கிக்கொண்டே இருந்தால், அந்தக் கதிர் தாமதமாகிறது என்று நினைக்காதீர்கள். உள்ளே மணியே பிடிக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒரே வரிசையாக நட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனென்றால் மகரந்தம் காற்றில்தான் போகிறது. கட்டமாக நாலு வரிசை நடச் சொல்வது அதனால்தான்.

பதத்துக்கு வந்த கதிரில் தோலுக்கு வெளியே தொங்கும் இழைகள் கரும்பழுப்பாகிக் காய்ந்திருக்கும், தோலை ஒட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் ஈரமும் பச்சையும் மிச்சமிருக்கும். இதை எல்லோரும் சொல்வார்கள், சரியும்கூட. ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அனல்காற்று வீசும் நாட்களிலும் தண்ணீர் பற்றாத செடியிலும் பட்டிழை சீக்கிரமே கருகிவிடும், மணியோ இன்னும் நீர்க்கொப்புளமாக இருக்கும். நாள்கணக்கு சொல்வதற்கு முன்பே இழை கருகிவிட்டால் நாள்கணக்கின் பக்கம் நில்லுங்கள்.

அடுத்தது கை. கதிரை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். பிஞ்சுக் கதிரின் நுனி கூம்பி, தோல் மட்டும் கையில் அமுங்கும். மணி நிறைந்த கதிரின் நுனி மழுங்கி உருண்டையாக, உள்ளே கெட்டியாகத் தட்டுப்படும். கனம் கூடியதால் கதிரும் தண்டை விட்டுச் சற்று விலகிச் சாய்ந்து நிற்கும். தோல் அப்போதும் பசுமையாகவே இருக்கும். அது வெளிறத் தொடங்கியிருந்தால் நாள் தப்பிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் என்றால் நகச் சோதனை. பெரிய கதிராக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடுப்பகுதியில் தோலைச் சிறிதாகக் கீறி விலக்கி, ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். தெளிந்த தண்ணீர் பீய்ச்சினால் இன்னும் சில நாள் வேண்டும். பால் வந்தால் பதம். களிபோல் கெட்டியாக வந்தால் சர்க்கரை மாவாகிக்கொண்டிருக்கிறது. எல்லாக் கதிரையும் இப்படித் திறந்து பார்க்காதீர்கள். திறந்த இடத்தில் எறும்பும் பறவையும் வரும், மணியும் காயும். ஒரே நாளில் பட்டிழை விட்ட செடிகளுக்கு ஒரு கதிர் சாட்சி சொன்னால் போதும்.

இந்தப் பால் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. அது பழைய ரக ஸ்வீட் கார்னுக்குப் பொருந்துவது. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர், காய்ந்தால் சுருங்கிப்போகும் ஒருவகை மக்காச்சோள மணியில் சர்க்கரை மிக அதிகமாக இருப்பதைக் கவனித்தார். சர்க்கரை மாவாக மாறும் வேலை அந்த மணியில் ஒரு கட்டத்தில் தடைப்பட்டுவிடுகிறது. அதிலிருந்து வந்தவைதான் சூப்பர் ஸ்வீட் எனப்படும் ரகங்கள். இன்று நம் விதைக் கடைகளில் கிடைக்கும் பல கலப்பின ரகங்கள் இந்த வகைதான். இவற்றில் பதமான மணியின் சாறுகூடக் கெட்டிப் பாலாக இராது, கழுவிய அரிசித் தண்ணீர் மாதிரி நீர்த்தே இருக்கும். கெட்டிப் பாலுக்காகக் காத்திருந்தால் மணியின் தோல் தடித்துப் பல்லில் சக்கையாகச் சிக்கும். உங்கள் விதை எந்த வகை என்பதை விதைக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். கனமே இல்லாமல் ஒட்டி உலர்ந்து சப்பிப்போன விதையாக இருந்தால் பெரும்பாலும் அது சூப்பர் ஸ்வீட். இதற்கு நகத்தைவிட நாக்கு நல்ல சோதனை. மணிகள் இடைவெளியில்லாமல் நெருங்கி, நிறம் ஏறியிருந்தால் ஒன்றைப் பச்சையாகவே கடித்துப் பாருங்கள். இனித்து, தோல் மெல்லிதாக உடைந்தால் ஒடித்துவிடலாம்.

ஒரு செடியில் இரண்டு கதிர் இருந்தால் மேல்கதிர் முந்தும், கீழ்க்கதிர் சில நாள் பிந்தும். இரண்டையும் சேர்த்து ஒடிக்க வேண்டியதில்லை. ஒடிப்பதற்கு நல்ல நேரம் வெயில் ஏறாத விடியற்காலை. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதிரைக் கீழ்நோக்கி அழுத்தித் திருகினால் பட்டென்று வந்துவிடும்.

ஒடித்த கணத்திலிருந்து இனிப்பு இறங்கத் தொடங்குகிறது. பழைய ரகங்களில், 30 டிகிரி சூட்டில் வைத்தால் ஒரே நாளில் சர்க்கரையில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சூப்பர் ஸ்வீட் ரகங்கள் சில நாள் தாங்கும், செடியிலும் கொஞ்சம் பொறுத்திருக்கும். எதுவானாலும் அன்றே சமைப்பது உத்தமம், முடியாவிட்டால் தோலை உரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போட வேண்டாம். வீட்டில் வளர்த்த கதிரைக் குக்கரில் நாலு விசில் விடுவது, என்னைக் கேட்டால், இவ்வளவு நாள் காத்திருந்ததற்கே அவமரியாதை.

நாளும் பதமும் சரியாக இருந்தும் சில மணிகள் இனிக்காமல் மாவாக இருந்தால் காரணம் வேறு. பக்கத்து வயலில் அதே சமயம் பூத்த சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து ஒட்டியிருக்கும். வரப்போகும் தலைமுறையில்தான் அது தெரியும் என்பதில்லை, இந்தக் கதிரின் மணியிலேயே மாவு ஏறிவிடும். சுற்றிலும் மக்காச்சோளம் போடுகிற ஊர்களில், இரண்டும் பூக்கும் நாட்களுக்கு நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கும்படி விதைத்தால் தப்பிக்கலாம். நுனியில் புழு இருந்தால் அதற்காகக் கதிரையே எறிய வேண்டாம். நுனியை வெட்டிவிட்டால் மீதி சாப்பிட நல்லதுதான்.

கதிர் எடுத்த பிறகும் தண்டும் தோகையும் பச்சையாகவே நிற்கும். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள், வந்து அறுத்துக்கொண்டு போவார். ஊருக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் முற்றிவிட்ட கதிர்களை அவித்து மெல்ல வேண்டாம். மணியை உதிர்த்து, பச்சைமிளகாய், சோம்பு, ஊறவைத்த கடலைப்பருப்போடு கொரகொரப்பாக அரைத்து வடையாகத் தட்டுங்கள். அதற்கு இளங்கதிரைவிட இதுதான் தோது.