இரவில் உதைக்கும் கால்

மடுல்கெல்ல மலைச்சரிவில் பகல் முழுக்கக் கொழுந்தெடுத்தவர், இராவில் "கால் குடையுது" என்றால் அதை யாரும் நோயாக எடுப்பதில்லை. தைலம் தேய்த்துப் படுப்பதுதான் லயத்து வழக்கம். பெரும்பாலும் அது அலுப்புத்தான். ஆனால் அலுப்பு படுத்தால் குறைய வேண்டும். படுத்த பின் கூடி, எழுந்து நடந்தால் தணிந்து, விடியப்புறம் தானாக அடங்குகிற குடைச்சல் வேறு சங்கதி. வைத்தியர்கள் அதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்பார்கள்.

இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கத்திலும் கால் வெட்டும். பெருவிரல் நிமிரும், கணுக்கால் மடங்கும், சிலவேளை முழங்காலும் சேரும். 20, 40 வினாடிக்கு ஒருதரம், மணிக்கணக்காக. தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. உதை வாங்குகிற பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் இதயத்துடிப்பு எகிறுகிறது. மேல் பிரஷர் 20 அளவுக்கு ஏறி இறங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரவில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் தாழ்வதே இயல்பு. இரத்தக்குழாய்கள் இளைப்பாறும் நேரம் அது. மூளையின் ஆழத்துக்குப் போகும் தமனிகளோ ஒரு மில்லிமீட்டரும் தடிப்பில்லாதவை. பெரிய தமனியிலிருந்து நேரே பிரிவதால் அழுத்தம் முழுசாக அவற்றில் இறங்கும். வருஷக்கணக்கில் சுவர் தடித்து அடைபட்டால் பக்கவாதமும் மறதியும் வரலாம்.

மறுபக்கமும் உண்டு. மூளையின் அடிக்கருப் பகுதியில் அடைப்பு வந்த சிலருக்கு அதன் பிறகே கால் குடைச்சல் தொடங்கியிருக்கிறது. எது காரணம், எது விளைவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சில ஆய்வுகளில் தொடர்பே தென்படவில்லை. மூளையின் அடியிலுள்ள தமனி வளையத்தை 1664இல் விவரித்த தாமஸ் வில்லிஸ், 1672இல் கைகால் துள்ளித் தூக்கம் கெட்டவர்களைப் பற்றியும் எழுதினார். பிரஷர் அளக்கும் கருவி இல்லாத காலம்; இரண்டையும் முடிச்சுப்போட அவருக்கு வழியில்லை.

தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற பொருளை மூளை செய்ய இரும்பு வேண்டும். கர்ப்பத்திலும் மாதவிடாயிலும் அது குறைகிறது; சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்டீ உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு வற்றியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. தடிமலுக்கு வாங்கும் தூக்கம் வரவைக்கும் குளிசைகள் சில இந்தக் குடைச்சலைக் கூட்டும் என்பதையும் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.